ஒரு மீட்டர் குச்சியும் இரண்டு பள்ளிகளும்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



இணையம் வழியாக வேறொரு பள்ளியோடு சேர்ந்து செயல்திட்டம் செய்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். முதல் முயற்சி தோல்விதான். காணொலியில் இரு பள்ளிப் பிள்ளைகளும் கையசைத்தார்கள், திருவிழாப் படங்களை அனுப்பிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் ஓய்ந்துவிட்டது. அந்தப் பள்ளி இல்லாவிட்டாலும் எங்களுக்கு எந்த வேலையும் நிற்கவில்லையே!

அடுத்த முறை, இன்னொரு பள்ளி இல்லாமல் விடையே வராத ஒரு வேலையைத் தேடினேன். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்த முறை கிடைத்தது. எகிப்தின் சையீனில் சூரியன் நேர் உச்சியில் நின்ற நண்பகலில், அலெக்சாந்திரியாவில் அது 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. வட்டத்தில் அது 50இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலான தொலைவை 50ஆல் பெருக்கினார், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளி திருவள்ளூர் பக்கம். என்னோடு பி.எட். படித்த தோழி நாகர்கோவில் பக்கம் பணியாற்றுகிறார். இரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பும் பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒரே நாளில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, மிகக் குறுகிய நிழலை அளப்பது என்று முடிவு. அளவுகளைப் பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றினோம். ஹைடெக் லேபில் வாரம் ஒரு பாடவேளை போதுமானதாக இருந்தது.

நிழல் 12 மணிக்குக் குறுகவில்லை. எங்களுக்கு 12.20 வாக்கில், அவர்களுக்கு 12.30 வாக்கில். "டீச்சர், அவங்க கடிகாரம் தப்பு" என்றார்கள் என் பிள்ளைகள். அந்தப் பக்கமும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்! தீர்க்கக்கோடு பாடத்தை அன்று நான் நடத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் கணக்கில் சுற்றளவு 50,000 கிலோமீட்டரைத் தாண்டியது. கைப்பேசி காட்டிய சாலைத் தொலைவைப் போட்டிருந்தார்கள். நமக்குத் தேவை நேர் வடக்கு தெற்குத் தொலைவு. நிலப்படத்தில் அளந்தால் சுமார் 550 கிலோமீட்டர். அதைத் திருத்தியும் 46,000க்கு மேல் வந்தது.

மறுநாள் பார்த்தால் விடை 40,000ஐ ஒட்டி நிற்கிறது. நான் மகிழ்ந்துபோனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பிள்ளை ஒருத்திதான் ஷீட்டில் கேட்டிருந்தாள்: "நேற்று உங்கள் நிழல் 64 செ.மீ. இன்று எப்படி 65.5?"

என் மாணவன் ஒருவன் மாற்றியிருந்தான். நன்றாகப் படிக்கிற பையன். "புத்தகத்துல 40,000னுதானே டீச்சர் இருக்கு" என்றான். நான் திட்டவில்லை. செய்முறை நோட்டில் விடைக்கேற்ப அளவு எழுதுவதை இத்தனை ஆண்டுகள் பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போட்டவள் நான். என்னை ஏமாற்ற அவனுக்குத் தயக்கமில்லை; முகம் பார்க்காத ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் திணறினான். இரண்டு நாள் கழித்து அவனே எழுதினான்: "நான்தான் மாற்றினேன். மறுபடி அளக்கலாமா?"

கொத்தனார் மகள் ஒருத்தி வீட்டிலிருந்து தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டுவந்தாள். எங்கள் குச்சி சாய்ந்திருந்தது, தரையும் சரிவு. நிழலில் ஒரு செ.மீ. பிசகினால் விடையில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மாறிவிடும் என்பதைப் பிள்ளைகளே ஷீட்டில் எண்களை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இரு பள்ளியும் மீண்டும் ஒரே நாளில் அளந்தோம். வந்தது 41,000 சொச்சம். அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

மதிப்பெண்? வளரறி மதிப்பீட்டில் சேர்த்தேன். விடைக்கு அல்ல, பிழை எங்கே வந்தது என்று எழுதியதற்கு. வேண்டியவை ஒரு குச்சி, ஒரு தூக்குக்குண்டு, ஒரு ஷீட். மேகமூட்டம்தான் பெரிய எதிரி. இரண்டு மாற்று நாள்களை முன்பே குறித்துவையுங்கள்.

இந்த ஆண்டு திருச்சிப் பக்கம் மூன்றாவது பள்ளி ஒன்று வேண்டும். அங்கே தெரிந்த ஆசிரியர் யாரேனும் இருந்தால் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.