சீட்டுக்கட்டும் நிகழ்தகவும்
(மயிலைப் பகுதி இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்க மேடையில் சீட்டாட்டமா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். மயிலையிலும் அடையாற்றிலும் கால்வாய்க் கரையோரத் தெருக்களில் விரிக்கப்படும் சீட்டுக்கட்டை, நாம் காணாதவர்போல் நடந்துவிடுவதால் அது மறைந்துவிடப் போவதில்லை. சூதில் நாடிழந்த நளன், பின்னர் இருதுபன்னனிடம் கற்றது தான்றி மரத்துக் காய்களை நொடியில் எண்ணும் வித்தை. நாமும் எண்ணிப் பார்ப்போம்.

கட்டில் 52 சீட்டுகள். அவற்றுள் ஏஸ் நான்கு. கண்ணை மூடி ஒன்றை உருவினால் அது ஏஸாக இருக்கும் நிகழ்தகவு 52இல் 4, அதாவது 13இல் 1. வேண்டியவற்றின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம், அவ்வளவே. உருவிய ஏஸைத் திருப்பி வைக்காமல் இன்னொன்றை உருவினால், மீதி 51இல் ஏஸ் மூன்றே. இரண்டையும் பெருக்கினால், அடுத்தடுத்து இரு ஏஸ் வருவது 221இல் 1. திருப்பி வைத்துக் கலைத்திருந்தால் 169இல் 1.

மூன்று சீட்டு ஆட்டத்திற்கு வருவோம். மூன்றும் ஒரே மதிப்பாக விழவேண்டும் என்று காத்திருக்கிறான் ஒருவன். முதற்சீட்டு எதுவாயினும் ஆகலாம். இரண்டாவது அதனோடு பொருந்துவது 51இல் 3; மூன்றாவது பொருந்துவது 50இல் 2. பெருக்கினால் 425இல் 1. ஐந்து கை தோற்றுவிட்டேன், ஆறாவது எனக்குத்தான் என்று அன்றைய கூலியை வைக்கிறானே, அங்குதான் குடும்பம் சாய்கிறது. கலைத்த கட்டுக்கு முந்தைய கையின் நினைவு கிடையாது.

உள்ளே வெளியே ஆட்டம் இதனினும் நுட்பமானது. ஒரு சீட்டைத் திறந்து வைத்து, மீதியை இருபக்கமும் மாறி மாறிப் போடுவர். அதே மதிப்புள்ள சீட்டு முதலில் விழும் பக்கம் வெல்லும். சரிபாதி என்றே தோன்றும். 51 சீட்டுகளையும் கணக்கிட்டால், முதலில் போடப்படும் பக்கத்திற்கு 100க்கு 51.5, மற்றதற்கு 48.5. அந்த மற்றப் பக்கத்திலேயே 10 ரூபாய் வீதம் 100 ஆட்டம் கட்டுகிறவன் சராசரியாக 30 ரூபாய் இழப்பான்.

ரம்மி அப்படியன்று, அது திறமை என்பீர்கள். மெய்தான், ஆந்திர மாநில அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று சீட்டிலிருந்து அதைப் பிரித்தே பேசியது. இணையச் சூதாட்டத்திற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் காசு கட்டும் இணைய விளையாட்டுகளை விலக்கிற்று.

அந்தத் திறமையும் எண்ணிக்கையே. இரு கட்டு ரம்மியில், ஜோக்கரை விட்டுவிட்டால், ஆட்டின் ஏழும் ஒன்பதும் வைத்து எட்டுக்குக் காத்திருப்பவனுக்கு உதவும் சீட்டு இரண்டே; ஏழும் எட்டும் வைத்திருப்பவனுக்கு ஆறு இரண்டு, ஒன்பது இரண்டு, ஆக நான்கு.

ஆயினும் அறுவர் தலைக்கு 100 ரூபாய் வைக்க, நடத்துபவர் பத்தில் ஒரு பங்கு எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்திற்கு 60 ரூபாய். பத்து ஆட்டத்தில் 600. எவர் எத்துணைத் திறமையாக ஆடினும், தலைக்கு 100 ரூபாய் அவர் பைக்குள் போய்விட்டது.

மேசையில் ஒரு கட்டும் தாளும் வைத்திருக்கிறேன். காசின்றி, மும்மூன்று சீட்டாக 425 முறை போட்டுக் குறித்துப் பார்க்க விரும்பும் தம்பிமார் இங்கே அமரலாம். மூன்றும் ஒன்றாய் ஒருமுறைகூட வராமலும் போகலாம், இருமுறையும் வரலாம். அது ஏன் என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.