பெரட்டு மணி கம்பியூட்டருக்குள் போனபின்

(மாங்குளத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



மாங்குளத்தில் நின்று தோட்டச் சம்பளம் பேசுவது சிலருக்குப் புதுமையாக இருக்கும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். மாமன் மச்சான் இன்னும் கொழுந்து மலையில். பிள்ளைகள் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் விரல் வைத்து உள்ளே போகிறார்கள். செக்ரோல் என்றாலும் விரல் மெசின் என்றாலும், இன்று பல இடங்களில் கணக்கு முடிவது கம்பியூட்டரில்தான்.

முன்பு பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டால் முகத்துக்கு நேரே சண்டை பிடிக்கலாம். இப்போது கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்கிறார்கள். சிஸ்டம் தானாக எதையும் காட்டாது. வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், சாப்பாட்டு நேரம் எவ்வளவு, எத்தனை நிமிடம் பிந்தலாம், ஓவர்டைம் எப்போது தொடங்கும் என்று எல்லாவற்றையும் கந்தோரில் ஒருவர் அடித்து வைத்திருக்கிறார். அவர் அடித்ததுதான் நம் சம்பளம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மதியச் சாப்பாட்டுக்கு 1 மணித்தியாலம் தானாகக் கழியும்படி அடித்திருக்கிறது. கொழுந்து நிறைந்த நாளில் நாம் அரை மணித்தியாலத்தில் எழும்பிவிடுகிறோம். நாளுக்கு 30 நிமிடம், 25 நாளுக்கு 12 அரை மணித்தியாலம் காணாமல் போகிறது. நேரத்தை 15 நிமிடத் துண்டுகளாக முழுமையாக்கும்படி வைத்தால், 6.38க்கு வந்தவரை 6.45க்கு வந்தவராக எழுதும். அந்த 7 நிமிடம் சின்ன விசயம் என்று விடுவோம், மாதக் கடைசியில் 3 மணித்தியாலத்தைத் தொடும்.

தேயிலைத் தொழிற்சாலையில் இராவேலை செய்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரவு 10க்கு ஏறி காலை 6க்கு இறங்கினால் நடுவில் திகதி மாறுகிறது. வேலை மறுநாளில் முடிகிறது என்று அடிக்காமல் விட்டால், மெசின் ஒரு வேலையை இரண்டு துண்டாக்கும், இல்லாவிட்டால் வெளியே போன பதிவு இல்லை என்று அந்த நாளையே விழுங்கும்.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை 9 மணித்தியாலம் என்று எழுதியது. கம்பியூட்டர் வராத காலத்திலேயே பெரியவர்கள் நேரத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்.

இன்று பணயம் பெரிது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபா, அதோடு வரவுக்கு அரசு தரும் ஊக்குவிப்பு 200 ரூபா என்று அறிவித்தார்கள். வரவுப் பதிவு பிழைத்தால் இரண்டும் அடிபடும். சேமலாப நிதியும் சம்பளத்தின் மேல்தானே! நம் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து குறையும்.

கம்பியூட்டர் வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. கங்காணியின் பென்சிலைவிட அது நேர்மையாகவும் இருக்கலாம். அடித்து வைத்த நேரங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பெரட்டுக்களத்தில் ஒட்டுங்கள் என்கிறோம். மாற்றினால் மாற்றிய திகதியும் அதில் இருக்கட்டும். கடிகாரம் பெரட்டில் நிற்கும்போதே ஓட வேண்டும், மலை ஏறி நிரைக்குப் போனபிறகு அல்ல.

அதுவரை பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் வந்த நேரம், சாப்பிட எழும்பிய நேரம், இறங்கிய நேரம் மூன்றையும் தினமும் எழுதுங்கள். மலையிலுள்ள உறவுக்காரருக்கும் இன்றிரவே போன் போட்டுச் சொல்லுங்கள். மாத முடிவில் அந்தக் கொப்பியையும் சம்பளச் சிட்டையையும் கொண்டுவாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.