தூரத்தை வைத்தவர்கள் யார்?



பஸ் கட்டணம் ஏறினால் கொதிக்கிறோம். ஆனால் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே இத்தனை தூரத்தை வைத்தது யார் என்று கேட்டிருக்கிறோமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள்.

1950இல் அங்கே வெள்ளையர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானித்தது. கேப்டவுன் நகரின் மையத்தை ஒட்டி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் கலந்து வாழ்ந்த இடம். துறைமுகமும் கடைவீதியும் நடைதூரம். 1966இல் அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளையும் கடைகளையும் தரைமட்டமாக்கினார்கள். பள்ளிவாசல்களையும் சர்ச்சுகளையும் விட்டுவைத்தார்கள். ஆனால் அங்கே தொழுதவர்களைப் பல மைல் தொலைவில், கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளியில் குடியேற்றினார்கள். நேற்றுவரை நடந்து வேலைக்குப் போனவர், அன்று முதல் கூலியில் ஒரு பங்கைப் பயணத்துக்கு அழ வேண்டியதாயிற்று.

ஜோஹன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் 1957இல் பஸ் கட்டணம் 4 பென்ஸிலிருந்து 5 பென்ஸ் ஆனது. ஒரு பென்னிதானே என்கிறீர்களா? ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நடந்தே போய், பழைய கட்டணத்தை மீட்டார்கள்.

பஸ்ஸும் ரயிலும் போதாத இடத்தில் கறுப்பின மக்கள் சொந்தமாக வேன் ஓட்டினார்கள். அங்கே அதற்கு டாக்ஸி என்று பெயர். உரிமம் கிடைப்பது அரிது. 1988இல் புதுச் சட்டம் வந்து கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. உரிமங்கள் பெருகின, ஒழுங்குபடுத்தத்தான் ஆளில்லை. வழித்தடத்துக்காகச் சங்கங்கள் துப்பாக்கி எடுத்தன. ஓட்டுநரும் பயணிகளும் மாண்டார்கள்.

1994இல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. 2009இல் ஜோஹன்னஸ்பர்க்கில் தனிப்பாதையில் ஓடும் ரியா வாயா பஸ் வந்தது. வேன் உரிமையாளர்களையே அதில் பங்குதாரர்களாகச் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் இன்றும் பெரும்பாலான ஏழைகளுக்கு வேன்தான் கதி. ஏன்? சட்டம் போய்விட்டது, அது வைத்த தூரம் போகவில்லை. தகப்பன் கொடுத்த பயணக்காசைப் பேரனும் கொடுக்கிறான்.

சகோதரர்களே! ஊருக்கு வெளியே வீடு தருகிறோம் என்று யாராவது வந்தால், எத்தனை சதுர அடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் பஸ் எப்போது, கடைசி பஸ் எப்போது, சந்தைக்குப் போய்வர எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். நகரத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போதே எழுதிக் கொடுங்கள். கோடு போட்ட பிறகு கூடிக் கத்துவதைவிட அதுவே பயன் தரும்.