பெண்ணையாறும் திணையறிவும்



கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் பிறந்து, ஒசூர்ப் பக்கம் தமிழ்நிலத்தில் கால்வைத்து, கிருட்டிணகிரி, சாத்தனூர், திருக்கோவலூர் வழியே நடந்து, கடலூரருகே கடலிற் கலப்பது தென்பெண்ணை. கபிலர் உயிர்நீத்த இடமென்று மக்கள் காட்டும் பாறை, திருக்கோவலூரில் இவ்வாற்றின் நடுவேதான் நிற்கிறது. புலவர் போற்றிய அந்தப் பெண்ணை, இன்று தமிழ்நாட்டின் தலைவாயிலில் எந்தக் கோலத்தோடு நுழைகிறது?

ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறந்தால் வெண்ணுரை பொங்குகிறது. மழைக்காலங்களில் அந்நுரை தரைப்பாலத்தை மூடிப் போக்குவரவை நிறுத்தியதும் உண்டு. தொலைவிலிருந்து காண்பார்க்குப் பனிமலை. அருகில் நிற்பார்க்கோ மூக்கைப் பிடிக்கும் நாற்றம். தக்காளியும் முட்டைக்கோசும் பயிரிட்ட உழவன், அந்த நீரையே பாய்ச்சுவதா, பயிரைக் காயவிடுவதா என்று கலங்கி நிற்கிறான்.

நுரை எங்கிருந்து வந்தது? பெங்களூரின் கழிவுநீரில் பெரும்பங்கு பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் சென்று, பின்னர்ப் பெண்ணையில் இறங்குகிறது. 2015-ஆம் ஆண்டில் அவ்வேரிகளின் நுரை தெருவுக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்த விந்தையை உலகமே கண்டது. வீடுகளில் கொட்டப்படும் சலவைத்தூளும் வழலையும் நீரின் மேற்பரப்பு இழுவிசையைத் தளர்த்துகின்றன. அந்நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கிறது. கழிவிலுள்ள பாசுவரம் ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது, அச்செடி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிடுகிறது, மீன் சாகிறது. அடியில் தங்கிய சேறு மழைவெள்ளத்தில் கலங்கி மீண்டும் நுரையாகிறது. இதுவே அதன் வரலாறு.

அயலான்மேல் மட்டும் குற்றம் சுமத்திவிட்டு ஓய்வது தமிழர்க்கு அழகன்று. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஒசூரைத் தொழில்நகராக்கிற்று. 2019-இல் ஒசூர் மாநகராட்சியாயிற்று. பல்லாயிரவர்க்குச் சோறு கிடைத்தது. அதனை மறுப்பார் இல்லை. ஆயினும், பெருகிய ஊரின் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி பெங்களூருக்கு மட்டும் உரியதன்று; ஒசூருக்கும் உரியது. தன் வீட்டு வாய்க்காலைத் தூய்மை செய்தவனே அடுத்த வீட்டானை நெஞ்சு நிமிர்த்திக் கேட்க முடியும்.

மண்ணுக்கு மேலே நுரை, மண்ணுக்குக் கீழே? கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்கள் கருங்கல் நிலம். அப்பாறைகளிலுள்ள புளோரைடு நிலத்தடிநீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த வரம்பு. அதனை மிஞ்சிய நீரை நெடுநாள் பருகினால் குழந்தைகளின் பல் பழுப்பேறுகிறது. மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன. இக்கேட்டை நீக்கவே சப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்றுநீர் கெட, ஏரி தூர்ந்துபோக, மாந்தன் ஆழ்துளைக் கிணற்றை நாடுகிறான். மேலே கெடுத்ததன் கூலியைக் கீழே பெறுகிறான்.

இந்த நோய்க்கு மருத்துவன் யார்? பாறையறிஞன் பாறையைப் பார்க்கிறான். மருத்துவன் பல்லைப் பார்க்கிறான். பொறிஞன் குழாயைப் பார்க்கிறான். வேளாண்துறை விளைச்சலைப் பார்க்கிறது. ஆற்றை முழுமையாகப் பார்ப்பவன் யார்? இக்குறையை மேலைநாட்டு அறிஞர்களும் உணர்ந்தனர். 2009-இல் யோகான் இராக்சுட்ரோம் தலைமையிலான குழு, நிலவுலகம் தாங்கக்கூடிய எல்லைகள் ஒன்பது என வகுத்தது. அவற்றுள் ஆறு மீறப்பட்டுவிட்டன என்று 2023-ஆம் ஆண்டின் ஆய்வு கூறிற்று. பாசுவரமும் நைட்ரசனும் நீர்நிலைகளிற் பெருகுவதும் அவற்றுள் ஒன்று. கெலவரப்பள்ளி நுரை உலகநோயின் உள்ளூர்க் கொப்புளம் என்க. 2015-இல் இராக்பெல்லர் அறக்கட்டளையும் இலான்செட்டு மருத்துவ இதழும் அமைத்த குழு, இயற்கையின் நலம் கெட்டால் மாந்தநலம் நில்லாது என்று தெளிவுபடுத்தியது. பல துறையாரும் ஓரிடத்தில் அமர்ந்து ஆய்க என்பதே அவர்தம் முடிபு.

தமிழர்க்கு இந்நோக்கு அயலானதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். மூன்றையும் பிரிக்காமல் திணை என்றே கண்டார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் உணர்த்தினார். தொல்காப்பியர் புளோரைடை அறிந்திருந்தார் என்று கூறுவது பேதைமை. முதல் கெட்டால் கருவும் உரியும் கெடும் என்ற நோக்கு அவர் வகுப்பில் உண்டு என்பதே உண்மை. பெருமைக்கு அதுவே போதும்.

சட்டம் என்ன செய்தது? சென்னை, மைசூர் அரசுகளின் 1892-ஆம் ஆண்டு உடன்பாடு அணைகட்டும் உரிமையைப் பற்றிப் பேசிற்று. பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய ஆற்றில் கருநாடகம் அணை கட்டுவதைத் தடுக்கக் கோரிய தமிழ்நாட்டின் வேண்டுகோளை, 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வழக்கு எவ்வளவு நீர் என்பதைப் பற்றியது. எத்தகைய நீர் என்பதும் அதே அளவு உயிர்நாடி அன்றோ? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதல் நடப்பில் உள்ளது. சட்டம் ஏட்டில், நுரை ஆற்றில்!

எனவே செய்ய வேண்டுவன மூன்று. எல்லையின் இருபுறமும் ஒரே நாளில் நீரெடுத்து, இரு மாநில அறிஞரும் ஒன்றாய் ஆய்ந்து, முடிவை மறைக்காமல் வெளியிடல் வேண்டும். ஊர்தோறும் குடிநீரின் புளோரைடு அளவைத் தமிழில் எழுதிப் பலகையில் வைத்தல் வேண்டும். அங்கு வாழும் கன்னட, தெலுங்கு மக்களுக்கும் அவர்தம் மொழியில் அறிவித்தல் வேண்டும். நஞ்சு மொழி பார்த்துத் தாக்குவதில்லை. மூன்றாவதாக, நிலம், நீர், நோய், பயிர் ஆகிய அனைத்தையும் இணைத்து ஆயும் கல்வியைத் தமிழிலேயே கல்லூரிகளில் நிறுவல் வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதி அடுக்கில் பூட்டிய அறிக்கை, கெலவரப்பள்ளி உழவனுக்கு எழுதப்படாத அறிக்கையே. தன் குழந்தையின் பல் ஏன் பழுத்தது என்பதைத் தாய் தன் மொழியில் அறியும் நாளில்தான் அவள் அதிகாரியை நோக்கிக் கேள்வி கேட்பாள். மொழிகாப்பும் நிலங்காப்பும் இருவேறு போர்கள் அல்ல. பெண்ணை தூய்மையுறுக! தமிழ் அறிவியலில் தழைக்க!