மார்பகப் புற்றுநோயும் நம் மகளிரும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். கல்வி உயிரையும் காக்கும் என்பதை நாம் அறிய வேண்டும். அதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

சிவகிரி வட்டாரத்தில் நாற்று நடும் நம் தாய் ஒருவருக்கு மார்பில் சிறு கட்டி தோன்றினால் அதை யாரிடம் சொல்வார்? தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. வலியில்லாத கட்டிக்காக ஒருநாள் கூலியை இழந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல மனம் வருமா? நாணம் ஒருபுறம் தடுக்கிறது. வறுமை மறுபுறம் தடுக்கிறது. கட்டி முற்றிப் புண்ணான பின்னரே மருத்துவமனை வாயிலை மிதிக்கும் நிலை நேருகிறது.

இந்நிலையை மாற்ற வழியுண்டா என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அந்நகரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த, 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாக, பயிற்சி பெற்ற பெண் பணியாளர் மார்பைக் கையால் தொட்டுப் பரிசோதித்தனர். விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லை. பரிசோதித்தவர்கள் மருத்துவப் பட்டதாரிகளும் அல்லர்.

இருபதாண்டுக் கண்காணிப்பின் முடிவு 2021இல் வெளியாயிற்று. பரிசோதனை பெற்ற பிரிவில் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்படுவது மிகுந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதனினும் இளையோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. பயனையும் அதன் எல்லையையும் ஒருசேரச் சொன்னதே அவ்வாய்வின் நேர்மை.

மார்பையே அகற்றிவிடுவார்கள் என்னும் அச்சமும் பலரைத் தடுக்கிறது. தொடக்க நிலையில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பு முழுவதையும் அகற்றினாலும், உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு இல்லை என்பதை அமெரிக்க மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினரின் இருபதாண்டு ஆய்வு 2002இல் மெய்ப்பித்தது.

காலந்தாழ்ந்து வந்தோரையும் மருத்துவம் கைவிடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் சாந்தாவும் அவருடன் பணியாற்றியோரும் முற்றிய கட்டிகளுக்கு முதலில் மருந்தும் கதிர்வீச்சும் அளித்துச் சுருக்கி, பின்னர் அறுவை செய்யும் முறையைப் பின்பற்றினர். 1990 முதல் 1999 வரை அவ்வாறு சிகிச்சை பெற்ற 1,117 பெண்களின் நிலையைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்துப் பதிவு செய்தனர். ஆயினும் முந்தி வந்தவருக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

இளைஞர்களே! மும்பைக் குடிசைகளில் உயிர் காத்தவை பயிற்சி பெற்ற பெண்களின் கைகள். நம் தெருப் பெண்பிள்ளை பள்ளியை இடையில் விட்டால், அத்தகைய ஒரு கையை நாமே இழக்கிறோம். அவளைப் படிக்க வைப்போம். செவிலியாகவும் மருத்துவராகவும் ஆக்குவோம். அதுவரை, கட்டி என்று தாய் சொன்ன மறுநாளே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். அன்றைய கூலி போனாலும் போகட்டும்.