ஐந்து நாள்தான் கெடு

நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். இன்னைக்கு தட்டணுக்களைப் பத்திப் பேசலாம். அதாங்க, டெங்கு சமயத்துல எல்லாரும் கேட்கிற பிளேட்லெட்.

நீங்க கொடுக்கிற ரத்தத்தைச் சுழலவிட்டு சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்கிறோம். சிவப்பணு ஃபிரிட்ஜில் 42 நாள் வரை தாங்கும். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருஷம் இருக்கும். தட்டணு அப்படி இல்லை. குளிரில் வைத்தால் வடிவம் மாறிடும். ஏற்றின பிறகு உடம்பு அதைச் சீக்கிரமே கழித்துவிடும். அதனால 20 முதல் 24 டிகிரியில், தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கிற மெஷின்ல வைக்கிறோம். அந்தச் சூட்டில் கிருமியும் வளரலாம். ஆகவே 5 நாள்தான் கெடு.

தீபாவளி வந்தாலே எனக்குப் பயம். கேம்ப் நடக்காது, காலேஜ் பசங்க ஊருக்குப் போயிடுவாங்க. ஆனா கீமோ எடுக்கிற குழந்தைக்கு லீவு கிடையாதே! ஒரு வருஷம் பண்டிகைக்கு மறுநாள் மெஷின் காலி. ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையோட அப்பா வாசல்ல நிக்கிறார். கவுன்ட் 8,000. பழைய டோனர் ஒருத்தருக்கு போன் போட்டேன். "மூணு நாள்ல ஆஸ்பிரின் போட்டீங்களா?" "இல்லைங்க, வரேன்." டெஸ்ட் முடிச்சு, அஃபெரிசிஸ் மெஷினில் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தார். அந்த ஒரு பை, சாதாரணப் பை ஆறுக்குச் சமம்.

தட்டணுவைச் சேர்த்து வைக்க முடியாதுங்க. ஆளைத்தான் சேர்த்து வைக்கணும். பண்டிகைக்கு ஊர்லயே இருக்கிறவங்க, பக்கத்து ரத்த வங்கியில உங்க நம்பரைக் கொடுத்து வைங்க.