முயலின் வயிற்று நோய்



நமது தர்மபுரி ஜில்லாவில் ராகிக்குக் குறைவில்லை. ஆதலின் வீட்டு முயலுக்கும் அதையே அள்ளி வைக்கிறோம். இது தவறு. முயலின் குடலை இயங்கச் செய்வது புல்லிலுள்ள நாரேயாகும். தானியம் மிகுந்து புல் குறைந்தால் குடல் ஓய்ந்துவிடும்.

தீனி மறுத்தல், புழுக்கை சிறுத்தல் அல்லது நின்றுபோதல், முதுகைக் கூனி ஒடுங்கியிருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். மாட்டைப்போல் மறுநாள் பார்க்கலாமென்று இராதீர்கள். 12 மணி நேரம் கடக்குமுன் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மனிதருக்குரிய மாத்திரை எதையும் கொடாதீர்கள். பெனிசிலின் வகை மருந்து வாய்வழியாய்ச் சென்றால் முயலைக் கொல்லவுங் கூடும். பலவந்தமாய் ஊட்டுவதும் வைத்தியர் சோதித்த பின்னரே தகும்.

குணமாகும் காலத்தில் உலர்ந்த புல்லும் சுத்த ஜலமும் இரவும் பகலும் எதிரில் இருக்கட்டும், தானியத்தை நிறுத்துங்கள். புழுக்கை முன்போல் உருண்டு திரண்டு விழுந்தால், முயல் தேறி வருகிறதென்று அறியலாம்.